பாடு இல்லாத நாளில் இறால் கேட்டவன்

போன வருடம் இதே பக்கத்தில், வடசென்னையில் நேரடியாக இறால் கொள்முதல் செய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். புதிதாகத் தொழில் தொடங்கும் சிலர் அதைப் படித்துவிட்டு எண்ணூர் வரை போய் வந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஒன்றரை மாதத்துக்கு முன் இப்படி ஒரு கருத்து போட்டார்: "நீங்கள் எழுதிய தேசிங்கு இப்போது மீன்பிடிக்கப் போவதில்லை. ஊரில் அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறார்." காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வேலை, இந்த வேலை என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் வாடகை வீட்டு மாடியில் இறாலைச் சுத்தம் செய்து, மசாலா தடவி, பாக்கெட் போட்டு விற்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் இருபது வீட்டோடு ஆரம்பித்தது. இறால் கொடுத்தவர் தேசிங்கு அண்ணன். எண்ணூர் முகத்துவாரத்தில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊரே முறை பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். தேசிங்கு அண்ணனின் பாடு மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். நானும் அதை என் கட்டுரையில் சுவையான தகவல் என்று ஒரு வரி எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மூன்று ஓட்டல்கள் கிடைத்தன. தினமும் எட்டுக் கிலோ வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் தேசிங்கு அண்ணனுக்கு போன் போட்டு, "எப்படியாவது பாருங்கண்ணே, இல்லன்னா ஆர்டர் போயிடும்" என்று நச்சரித்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் இறால் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை வலை போடுகிறவரிடமிருந்து தினமும் எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. தை மாதத்தில் ஒரு காலை அவரே அழைத்தார். "கொஞ்ச நாளைக்கு இறால் வராது நைனா, ஒடம்பு சரியில்ல. கோச்சிக்காத" என்றார். உடம்புக்கு என்ன என்றுகூடக் கேட்காமல், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று வள்ளென்று விழுந்தேன். அன்று மதியமே காசிமேட்டில் ஒரு வியாபாரியைப் பிடித்துவிட்டேன். வருடம் முழுக்க அவரிடமே இறால் எடுப்பதாகப் பேசி முடித்தாயிற்று.

இனி பயணம். காலை ஆறு மணிக்குக் கடற்கரை ரயில் நிலையம். அங்கிருந்து காசிமேடு நான்கு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஞாயிறு என்பதால் துறைமுக வாசலிலிருந்தே கூட்டம் நெரித்தது. என் வியாபாரி அன்றைய பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது போய்ச் சேரும் பாக்கெட்டில் இன்னமும் 'எண்ணூர் முகத்துவாரத்து இறால்' என்றுதான் ஸ்டிக்கர் இருக்கும். மொத்தமாக அச்சடித்தது தீரட்டும் என்று விட்டிருந்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

ஏழரைக்கு அங்கிருந்து தண்டையார்பேட்டை மெட்ரோவுக்குப் பங்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். மெட்ரோவில் விம்கோ நகர் வரை இருபது ரூபாய். அங்கிருந்து எண்ணூருக்கு ஆறு கிலோமீட்டர், மறுபடி பங்கு ஆட்டோ, முப்பது ரூபாய். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் அந்த ஆறு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. குப்பத்தின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இறால் வாங்கவா போற? யூடியூப்காரனா நீ?"

"இல்லண்ணே, தெரிஞ்சவர் ஒருத்தரப் பாக்கணும்."

"வெறுங்கையோடவா போற? பழம் கிழம் வாங்கினு போ மாமு."

வாங்கினேன். அரை டஜன் ஆப்பிள். செய்த காரியத்துக்கு அரை டஜன் ஆப்பிள் என்று நினைக்கையில் பையைத் தூக்கவே அவமானமாக இருந்தது. சாலையிலிருந்து குப்பம் ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்துதான் போக வேண்டும். வெயிலுக்குத் தொப்பி அவசியம்.

ஒன்பதே முக்காலுக்குத் தேசிங்கு அண்ணனின் வீட்டை அடைந்தேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி லட்சுமி அக்கா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீறாரு. அடுத்தவன் பாடு நாள்ல வலைய போட்டுட்டாரு, புட்ச்சிட்டாங்க. ஊருல நிறுத்திட்டாங்க. நாலு மாசமாவுது."

"எத்தன மாசத்துக்கு நிறுத்தியிருக்காங்கக்கா?"

"கணக்கே இல்ல. யாருக்காகப் போட்ட, பேரச் சொல்லு, அடுத்த சுத்துலயே சேத்துக்கிறோம்னு ஊரே கேட்டுச்சு. இவரு வாயத் தொறக்கல. நாள் மறந்துட்டேன்னு சாதிக்கிறாரு. பொறந்ததுலேர்ந்து இங்க கீறவருக்கு நாள் மறக்குமா?"

அதற்குள் அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உம்மேல கட்டு போட்ருவாங்க. எங்க ஊரு கட்டு போட்டா, முகத்துவாரத்த சுத்தி எந்தக் குப்பத்துலயும் உனக்கு ஒரு இறால் குடுக்க மாட்டாங்க. புதுசா வச்ச கடை, படுத்துரும்ல? நீ பக்கத்துக் குப்பத்துல வாங்கிகினு ஓட்டுவேன்னு நெனச்சேன். ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். எங்கிருந்து வாங்குகிறேன் என்பதை விழுங்கிவிட்டு, ஆப்பிள் பையை நீட்டினேன்.

பதினொரு மணிக்குக் கோயில் முன் பந்தலில் ஊர்க்கூட்டம். அண்ணன் தடுத்தும் கேட்காமல் போனேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எழுந்து நின்று, தினமும் நச்சரித்தது நான்தான், மூன்று நாளைக்கு ஒரு பாடு என்று தெரிந்தே கேட்டேன் என்றேன். ஊர்த் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார். "இத சொல்ல நாலு மாசமா?"

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. தேசிங்கு அடுத்த சுற்றிலிருந்து பாடு முறையில் சேரலாம். எனக்கு ஒரு வருடம் எந்தக் குப்பத்திலும் இறால் கிடையாது. உடனே அண்ணன் எழுந்துவிட்டார். "தப்புதான், ஆனா ஒரு வருசம்னா கடைய இழுத்து மூடிருவான். பொண்டாட்டி புள்ளகாரன். பாத்து செய்யுங்க" என்று கும்பிட்டார். அவர்களும் கலந்து பேசி, "பொழச்சிப் போ" என்று ஒரு மாதமாகக் குறைத்தார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு நாள்கூட வலிக்காத தண்டனைக்கு, அவர் எனக்காகக் கெஞ்ச, நான் நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். காசிமேட்டு விஷயத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத் திரும்பி நடந்தேன்.

இதே போல் கொள்முதலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஊர் ஆட்கள் இருப்பார்கள். போக மட்டும் இருநூறு ரூபாய்க்குள் முடியும். முதலில் அவர்களின் பாடு நாட்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவுக்கு மட்டும் ஓட்டலில் வாக்குக் கொடுங்கள். நடுவில் அளவு கூடினால் சந்தோஷப்படாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். வரத்து நின்றால் ஏன் என்று அன்றே கேளுங்கள். கேட்டால் பொறுப்பு தலையில் விழும் என்று பயந்துதான் நான் கேட்கவில்லை. வேலை மும்முரம் என்று சொன்னதெல்லாம் சாக்கு.

பழைய ஸ்டிக்கர்களைப் போன வாரம் கிழித்துப் போட்டேன். நேற்று காலை தேசிங்கு அண்ணன் அழைத்தார். குரலில் அப்படியொரு உற்சாகம். "இன்னும் ஒம்போது நாள்தான் நைனா, உன் கட்டு முடியுது. யாவாரி ஒருத்தர் வந்து மொத்த இறாலும் கேட்டாரு. உனக்குன்னு சொல்லி இல்லன்னுட்டேன்" என்றார். இனியும் மறைக்க முடியாது என்று, எனக்கு இறால் காசிமேட்டிலிருந்து வருகிறது, வருடத்துக்கும் பேசிவிட்டேன் என்று சொன்னேன்.



"எப்பலேர்ந்து?"

"நீங்க ஒடம்பு சரியில்லன்னு போன் பண்ணீங்களே, அன்னிக்கேண்ணே."

"அப்ப அன்னிக்கே ஊருல உம் பேரச் சொல்லியிருக்கலாமே நைனா" என்றார். திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. நான்தான் வைத்தேன்.