ஆட்டு முளையாக இருந்த இரும்பு

யுத்த காலத்தில் எங்கள் பஸ் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. உடைந்த சாமான் பட்டறைக்குத் திரும்பி வந்தால்தான் மாற்றுச் சாமான் கிடைக்கும். கப்பல் வராததால் புதுசு என்பது வெறும் பேச்சு. உடைந்ததைப் பற்றவைத்து, தேய்ந்ததைச் சரிசெய்து மறுபடியும் வண்டியில் மாட்டுவார்கள். கண்டக்டரான நான், வழியில் நின்றுபோன வண்டிகளின் உடைசல்களையும் பின் சீட்டுக்கடியில் போட்டு மதுரைக்குக் கொண்டுவருவேன். வேட்டியில் எண்ணெய் பட்டவர்கள் சட்டம் போட்ட முதலாளியையா திட்டுவார்கள்? என்னைத்தான்.

ஒருநாள் பசுமலை தாண்டித் திருமங்கலம் போகையில் வண்டி திடீரென்று இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் முட்டியது. நெற்றி புடைத்துப்போன ஒருவர், "டிரைவர் தூங்கிட்டான்யா!" என்று கத்தினார். வண்டிக்கு அடியில், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ராடு பாதிதான் தொங்கியது.

"ராடு ஒடைஞ்சுதான் வண்டி இழுத்துச்சு மொதலாளி" என்றார் டிரைவர்.

"மரத்துல முட்டுனா ராடு ஒடையாம என்ன செய்யும்? நாளையிலேருந்து வராத" என்றார் முதலாளி.

அந்தச் சம்பளத்தை நம்பி டிரைவர் வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது. அவரோ மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, மிச்சப் பாதியத் தேடணும், வாரியா?"

"வேலையே போயிருச்சு. இன்னும் என்னண்ணே உடைசல்?"

"அது பட்டறைக்குத் திரும்பணும்ல."

இப்படியும் ஒரு மனிதனா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். சாலையோரப் புல்லையெல்லாம் துழாவினோம். கடைசியில் அந்த இரும்பு ஒரு ஆட்டைக் கட்டிய முளையாகத் தரையில் நின்றது! ஆட்டுக்காரப் பெண், "புல்லுக்குள்ள கெடந்துச்சு, எடுத்தேன். ஆட்டை இனி ஒங்க கால்லயா கட்டுறது?" என்றாள். நான் வேலங்கம்பு ஒன்றை வெட்டிச் சீவி அடித்துக்கொடுத்த பிறகுதான் விட்டாள்.

அதை நேரே முதலாளியிடம் கொடுக்கச் சொன்னேன். டிரைவர் கேட்கவில்லை. "ஒடைஞ்சது எப்படின்னு மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்று பட்டறைக்கு நடந்தார். முன்பு ஒருதரம் உடைந்த அந்த ராடைப் பற்றவைத்தவரே மேஸ்திரிதான். தன் தலைக்கு வரும் பழியை அவர் ஏன் எடுத்துக்கொள்வார்? பக்கத்திலேயே உலை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டுவிட்டால் கதை முடிந்தது.

மேஸ்திரி மண்ணைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரும்பு உடைந்த இடத்தில் ஓரமாகக் கொஞ்சம்தான் புது உடைசலாகப் பளபளத்தது. மற்றதெல்லாம் கறுப்பு. கறுத்த இடம் என்றைக்குமே ஒட்டியிருக்கவில்லை. நான் உலையையும் அவர் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து முதலாளி அறைக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். இரும்பை மேஜைமேல் வைத்தார்.

"இது நான் வச்ச ஒட்டு மொதலாளி. உள்ளுக்குள்ள ஒட்டவே இல்ல. ஓடுறப்பவே விட்டுருக்கு. இவரு தூங்கல. அனுப்புறதா இருந்தா என்னைய அனுப்புங்க."

முதலாளி இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவரை மறுபடியும் வரச்சொன்னார். மேஸ்திரியையும் அனுப்பவில்லை. அந்த மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. அவரை நம்பி அதைக் கொண்டுபோன டிரைவரையும்தான்.

ராடை மறுபடியும் பற்றவைத்து வண்டி தயாரானதும் மேஸ்திரி சோற்றுத் தூக்கோடு வந்து முன் சீட்டில் ஏறினார். இந்த ஒட்டு நிற்கிறதா என்று திருமங்கலம் வரை தானே வந்து பார்க்கவேண்டுமாம். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் தூங்குனா எழுப்பிவிடுங்க."