டிவிக்காரனுக்காக ஒரு மன்னிப்பு

ஜெகதளாவில் தேயிலை பறிக்கும் மெட்டில்டா, தினமும் பார்க்கும் சீரியலில் நாயகியின் கணவன் இன்னொருத்தியோடு போன அன்று, டிவியை அணைத்தாள், அடுப்பையும் அணைத்தாள்.

"ஏம்புள்ள, அவன் பண்ணுன தப்புக்கு நான் எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?" என்றான் அவள் கணவன் செல்லதுரை.

"அந்தப் பொம்பளையும் வருசக்கணக்கா வடிச்சுக் கொட்டுனா. ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொன்னீங்களா?"

கேட்டது தன்னையா, டிவிக்காரனையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சில நாள் பன்னும் டீயுமாக ஓட்டிப் பார்த்தான். முடியாமல், சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அந்த நடிகன் சார்பில் மன்னிப்புக் கேட்டான்.

"இனி அவன் அந்தப் பக்கம் போகமாட்டான். நான் பொறுப்பு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வந்த முதல் மன்னிப்பு அது. யார் பேரில் வந்தாலென்ன என்று மெட்டில்டா ஏற்றுக்கொண்டு அரிசி களைந்தாள்.

"அவன் சங்கதி முடிஞ்சுதுங்க. இனி உங்க சங்கதிக்கு வாங்க."

செல்லதுரை பூண்டு உரிக்க உட்கார்ந்தான்.