கௌபோய் படத்துக்குக் கதை சொன்ன ஜவுபர்

கல்முனைத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் ஜவுபருக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இங்கிலீஷ் படம் ஓடினால் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வது அவர்தான். வாய்க்கு வந்ததைச் சொல்வார். படம் எடுத்தவன் கேட்டிருந்தால் தலையில் கைவைத்திருப்பான். நம்ம சனம் வயிறு குலுங்கச் சிரித்தது.

சூறாவளிக்கு அடுத்த வருசம் ஒரு கௌபோய் படம் வந்தது. துவக்கால் சுடவே தெரியாத ஒரு தடியன், குதிரையில் ஏறுவதும் விழுவதும்தான் கதை. பார்க்க வந்தவர்களில் ஒருவரின் பெயரைத் தடியனுக்கு வைப்பது ஜவுபரின் பழக்கம். பெயர் வந்தவருக்கு அதில் பெரிய பெருமை. அன்று பகல் காட்சியில் அந்தப் பெருமை ஜெமீலுக்கு. வயலில் வேளாண்மை வெட்டி முடித்த கையோடு பாலமுனையிலிருந்து வந்திருந்தான்.

"பாலமுனை ஜெமீல் விழுந்துட்டாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

பாதிப் படத்தில் வாசலிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட இப்படித் துண்டு எழுதி அனுப்புவார்கள். ஜவுபர் மைக்கில் வாசிப்பார்.

"பாலமுனை ஜெமீல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்."

கொட்டகையே அதிர்ந்தது. ஜெமீலின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிசு.

"உண்மையாத்தான் சொல்றன், ஜெமீல்!"

இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள்.

படம் ஓட்டும் பெனடிக் எட்டிப் பார்த்தான். "நிப்பாட்டி லைற்றப் போடட்டா, ஜவுபர்?"

தடியன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழும் கட்டம் வரப்போகிறது. அதற்கென்று ஜவுபர் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தார். "பொறு, இது முடியட்டும்" என்றார். அது முடிந்தது, அடுத்ததையும் விட மனம் வரவில்லை. கடைசியில் படம் முடிந்துதான் லைற் எரிந்தது. ஜெமீலின் பெண்சாதி ஹாஜறா, பிள்ளையைப் பெற்றுவிட்டு, அதற்கு முன்பே உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டாள்.

மையித்து வீட்டுக்குப் போகும்போது, ஜெமீல் ஏசினால் போதும், அடித்தாலும் நல்லது என்றிருந்தது ஜவுபருக்கு. அவனோ கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டான்.

"கூப்புட வேணாமெண்டுதான் சொன்னாளாம், காக்கா. ஆஸ்பத்திரியில கூட நிண்ட அவட ராத்தாதான் கேக்காம துண்டு அனுப்பியிருக்கா. 'வெட்டு முடிஞ்சு இண்டைக்குத்தான் மனிசன் சிரிக்கப் போயிரிக்காரு, படம் முடியட்டும்' எண்டாளாம்."

பிறகு கேட்டான்:

"நான் நல்லாச் சிரிச்சன்தானே, காக்கா?"

"ஓம்" என்றார் ஜவுபர். அதற்குமேல் தாங்காமல் அவன் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார்.