எடை பார்த்த அன்று முதல் ரேங்க்

விளையாட்டு டீச்சருக்குத் தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. மைதானத்தின் அந்தக் கோடியில் மண்ணைக் கிளறும் வாண்டுகூட விசில் இல்லாமலே ஓடிவரும். வீட்டில் கணவர், "உப்பு வேணும்னா மெதுவாவே கேளும்மா, பக்கத்துலதானே இருக்கேன்" என்பார். சொல்லி என்ன பிரயோஜனம், ஊறிப்போன பழக்கம்.

ஒன்றாம் வகுப்புக்கு எடை பார்க்கும் நாளில் அந்தத் தொண்டைதான் டீச்சருக்குப் பெரிய கவலை. காலையில் பள்ளி வாசலில் ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெருப் பசங்க கேலி பண்ணிப் பண்ணி, பாப்பா வெளிய விளையாடுறதையே விட்டுட்டா டீச்சர். அவ எடையை மட்டும் சத்தமா சொல்லிடாதீங்க."

"நான் பாத்துக்கறேம்மா" என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

பாப்பா பூசின உடம்புக்காரி. பந்தை லாகவமாகப் பிடிப்பாள், கோட்டின்மேல் தள்ளாடாமல் நடப்பாள். நொண்டியடிக்கச் சொன்னால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். குதிக்காத காலுக்கு வலு எங்கிருந்து வரும் என்று டீச்சருக்கு ஒரே ஆற்றாமை.

எடை மெஷின் மரத்தடியில். எழுதிக்கொள்ளும் வகுப்பு டீச்சரோ வராந்தாவில். "பதினெட்டு! இருபது!" என்று வரிசை நகர்ந்தது. பாப்பா ஏறினாள்.

"இருபத்தொம்போது!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பாழாய்ப்போன தொண்டை, ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டது. பாப்பாவின் தலை தொங்கிப்போனது. டீச்சருக்குத் தன்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அப்போது ஓர் ஒல்லிப்பிச்சான் கைதட்டினான். "இவதான் ஃபர்ஸ்ட்டு."

பேரைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னால் அது மார்க்தான் என்று பழகிய கூட்டமாயிற்றே. வகுப்பு மொத்தமும் தட்டியது. பதினாறு வாங்கியவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு இன்னொரு வாட்டி போடுங்க டீச்சர்" என்று வந்து நின்றான். கால்சட்டைப் பை நிறையக் கூழாங்கல்.

டீச்சர் யாரையும் திருத்தப் போகவில்லை. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம் அவருக்கு.

"சரி, ஃபர்ஸ்ட் வந்தவங்க முன்னாடி வாங்க. அடுத்து நொண்டி."

பாப்பா சுவர்ப் பக்கம் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து ஒரு காலைத் தூக்கினாள். தொப்பென்று விழுந்தாள். ஃபர்ஸ்ட் வந்தவளாயிற்றே, எழுந்து மறுபடி தூக்கினாள்.

சாயங்காலம் வாசலில், "அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட்டு. டீச்சர் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க" என்றாள். அம்மா டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

"தப்புதாம்மா. ஆனா அவ முழங்காலைப் பாருங்க."

அம்மா குனிந்து பார்த்தார். இரண்டு முழங்காலிலும் மண் அப்பியிருந்தது. தட்டிவிடப் போனவர் அப்படியே கையை எடுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றார். "இவங்கப்பாவும் பாக்கட்டும்."