பாதைக்காரரின் விரல்

வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அந்தப் பாதையை ஓட்டியவர் மெலிந்த ஆள். கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருந்தார். நான் முதன்முதல் வாக்குப் போட்டுவிட்டு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து திரும்பிய அன்று, ஏறிய ஒவ்வொருவரின் விரலிலும் மை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எந்தக் கட்சிக்காக ஆள் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"என்ன புள்ள, போடல்லயா?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"ஆருக்கு எண்டு கேக்கல்லயே. போட்டயா எண்டுதானே கேட்ட நான்."

அப்போதுதான் கவனித்தேன், அவர் விரலில் மை இல்லை.

"நீங்க போடல்லயா?" என்றேன்.

"பாதையை விட்டுட்டு எப்பிடிப் போற?"

பாவம் என்று நம்பிவிட்டேன். கரையில் இறங்கினால், அவரோடு முறை மாறிப் பாதை ஓட்டுகிறவர் மர நிழலில் சும்மா குந்தியிருக்கிறார். அவர் விரலில் மை இருந்தது.

அடுத்த தேர்தலன்று வாக்குப் போட்டுவிட்டு ஏறியதும், நான்தான் முதலில் அவர் விரலைத் தேடினேன். ஒரு கையால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கையை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள் ஒளித்திருந்தார்.