முதல் பக்கத்திலேயே பிடிபட்ட ஆடு

கொழும்பில் ஒரு படக்கதைப் பதிப்பகத்தில் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்தை அடைத்துக்கொண்டிருந்தேன், பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதினேன், வாசகர்கள் தப்பித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆசிரியனானேன். மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் மட்டும் தப்ப முடியவில்லை. கதவுப் பக்கம் நான் நின்றுகொள்வேன்.

ஆனாலும் வாசிப்புப் பாடம் என்றால் வகுப்புக்கே கொட்டாவி. படக்கதை கொடுத்தால் வாசிப்பார்கள் என்று அதிபரை நச்சரித்தேன்.

"படத்தைப் பாப்பாங்க, வாசிக்க மாட்டாங்க சேர்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளை தாறேன். வாசிச்சா நூலகத்துல வைப்போம். இல்லாட்டி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

நானே எழுதி, நானே வரைந்து, நானே பதிப்பாளரும் ஆனேன். கதாநாயகன் துப்பறியும் சேவல். கங்காணியின் விசில் காணாமல் போகிறது. விசில் ஊதாததால், வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் கூடவில்லை. சேவல் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விசாரிக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆடு வாயைத் திறக்க, வயிற்றுக்குள்ளிருந்து விசில் சத்தம்! இந்த முடிவு தோன்றிய அன்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதுளை அச்சகத்தில் புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பசறை தாண்டியதும் ஆசை தாங்காமல் ஒன்றை உருவித் திறந்தேன். முதல் தாளிலேயே ஆடு விசிலடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் ஆடு! அட்டை சரியாக இருந்தது. உள்ளே தாள்கள் முழுக்கக் கடைசியிலிருந்து முதலுக்கு அடுக்கப்பட்டிருந்தன.

அச்சக முதலாளி நானாவுக்குப் போன் போட்டேன். "நானா, என் கதையைக் கொன்னுட்டீங்க!"

"யா அல்லாஹ்! நம்மட ஆள் கிழமை முழுக்க மதரசாவுக்கு அரபுப் புத்தகந்தான் அடுக்கினான் மாஸ்டர். அதே கையோட ஒங்கட சேவலையும் வலப்பக்கத்திலருந்து அடுக்கிட்டான் போல. திரும்பி வாங்க, பின்னைக் கழட்டி மறுபடி அடிச்சுத் தாறேன்."

"அடுத்த பஸ்ல வந்தா பள்ளிக்கூடமே விட்டிருக்கும் நானா!"

திருடனை முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் துப்பறியும் கதையை, கேள்விக்கு முன்பே விடையை நீட்டுகிறவன் மாதிரி வகுப்பில் விநியோகித்தேன்.

முன்வாங்குச் சிறுமி உடனே கத்தினாள். "சேர், விசில் ஆட்டு வயித்துல இருக்கு!"

போச்சு என்று மேசையில் சாய்ந்தேன். தாள்கள் புரண்டன. அடுத்த பக்கத்தில் சேவல் நாயைச் சந்தேகப்பட்டது.

"அட மடச் சேவலே, நாய் இல்ல, ஆடு!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

அடுத்ததில் சேவல் ஆட்டிடமே போய் விசாரித்தது. ஆடு, "நான் பாக்கலியே," என்றது.

"பொய்! பொய்! புளுகுது!" என்று வகுப்பே எழுந்து நின்றது. சேவல் ஒன்றும் தெரியாமல் அலைய அலைய, அதற்கு வழி சொல்லிக் கத்தினார்கள். ஒவ்வொரு குமிழியையும் யார் சத்தமாக வாசிப்பது என்பதில் அடிபிடி. இதுவரை வாய் திறக்காததுகள்கூட "எனக்கு, எனக்கு" என்றன. நானும் என் வயதை மறந்து ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன சண்டை இங்க?" என்று அதிபர் ஓடிவந்தார். ஒரு பிரதியைக் கொடுத்தேன். ஒழுங்கான மனிதர், குழப்பத்தைக் கண்டுபிடித்து, கதை தொடங்கும் தாளை அடியிலிருந்து தேடி எடுத்தார்.

"அப்பிடி இல்லைங்க சேர்," என்று சிறுமி குறுக்கே வந்தாள். "மொதல்ல ஆட்டைப் பாருங்க. அப்பத்தான் சேவல் எவ்வளவு முட்டாள்னு தெரியும்."

அவள் சொன்னபடியே புரட்டினார். "நான் பாக்கலியே" வந்ததும் அவர் தோள் குலுங்கியது.

"நூலகத்துல வச்சிருவோம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இப்பிடியே இருக்கட்டும் சேர். திருத்துறேன்னு கெடுத்துறாதீங்க."

பாடம் முடிந்ததும் அச்சக முதலாளியே போன் பண்ணினார். "மாஸ்டர், கட்டைக் கொண்டாங்க, சரியா அடுக்கித் தாறேன்."

"வேணாம் நானா," என்றேன். "அடுக்கின ஆளு கதை எழுத வருவாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."