திருடித் தின்ற பழைய சோறு

பிறரை மன்னித்துவிடுங்கள் என்று மாதா கோயிலில் சாமியார் சொல்லும்போதெல்லாம் நானும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டுவேன். தலையாட்டுவதோடு சரி.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலைமேல் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் கொடுத்த வீட்டில் நாங்கள் இருவர், கூடவே புருஷனை இழந்து வந்து தங்கிவிட்ட அவருடைய அக்கா. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நங்கை என்று கூப்பிடுவேன். எனக்குச் சர்க்கரை வியாதி. செருப்புக் கடித்த புண் ஒன்று கால் கட்டைவிரலில் ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். சர்க்கரை இறங்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க அப்போது ஒரு நீல மருந்து உண்டு. கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாற மாறச் சர்க்கரை கூடுதல். செங்கல் நிறம் வந்தால் மோசம். எனக்குத் தினமும் செங்கல்தான்.

அடுப்படி நங்கையின் ராஜ்ஜியம். நோயாளி என்று எனக்கு மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி. குழையக் குழைய வேகவைத்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பார். எங்கள் மலையில் சீக்காளிக்குச் சூடில்லாத எதையும் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் ஊர் பேசும்.

"சூட்டோட குடிச்சுரு கண்ணு. உப்புக் கஞ்சிதான, இதுல எங்க இருக்குது சக்கரை?"

குடிப்பேன். குழாய் சிவக்கும். உடனே தம்பியிடம் போய் நிற்பார். "உம்பொண்டாட்டி திருட்டுத்தனமா வெல்லம் திங்கறாடா. இல்லாட்டி எப்படி ஏறும்?"

பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். என் கணவர் என்னையும் பார்க்கவில்லை, பைபிளையும் பார்க்கவில்லை. சாமான் அறைக்குப் பூட்டு வாங்கிவந்து சாவியை அக்காவிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

திருடி என்று பேர் வாங்கியாகிவிட்டது, இனித் திருடியே தின்போம் என்று ஒரு விடியற்காலையில் அடுப்படிக்குள் நுழைந்தேன். நாய்க்கென்று தண்ணீர் ஊற்றி வைத்த முந்தின நாள் சோறுதான் அகப்பட்டது. மலைக் குளிரில் அது புளிக்கக்கூட இல்லை, பல் கூசியது. தண்ணீரை இறுத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு கிண்ணம் தின்றேன். நங்கை வைத்த கஞ்சியைப் பின்வாசல் வழியாக நாய்க்கு ஊற்றினேன். நாய் கொழுக்க ஆரம்பித்தது.

குழாய் மஞ்சளுக்கு வந்தது, பிறகு பச்சைக்கு. நிஜமாகவே திருடித் தின்ன ஆரம்பித்த பிறகுதான் என் சர்க்கரை இறங்கியது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சோறு ஆறிக் கிடந்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகிப்போகும், குடலில் சீக்கிரம் கரையாது, சூடான குழைந்த கஞ்சிதான் நேரே ரத்தத்தில் போய்ச் சேரும் என்றார். அதற்காக அண்டா அண்டாவாகத் தின்னக் கூடாது, மாத்திரையையும் விடக் கூடாது என்று எச்சரித்தார். புண் ஓரத்தில் காய ஆரம்பித்தது.

நங்கையால் அதையும் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணுக்குல தண்ணியக் கலந்து காச்சறா, நம்மள ஏமாத்தறா" என்றார்.

நான் அவசரப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்ப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். எனக்கு வந்த வியாதி அவருக்கும் வந்திருக்கிறது. சொல்லியிருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, கணவர் வீட்டில் இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

"ஏனுங்க நங்கை, உங்களோடதையும் ஒருக்கா காச்சிப் பாக்கலாங்களா? நீலமா இருந்துட்டா நான் திருடினு ஒத்துக்கறனுங்க."

வீம்பாகப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். கணவர் பார்க்க, குழாயை நெருப்பில் காட்டினேன். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை. அசல் செங்கல். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

"வெல்லத்தை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

நங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சத்தியமா நான் ஒண்ணுந் திங்கலடா தம்பி" என்று அழுதார்.

என் கணவர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுவாதக்கா. நீ திங்க மாட்டீனு எனக்குத் தெரியாதா? இந்த வியாதிக்கு இனிப்புத் திங்காமயே ஏறும். இவளக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னாங்க."

அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டுதான் பூட்டு வாங்கி வந்திருக்கிறார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதைவிட, பெண்டாட்டி திருடியாக இருப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. இத்தனை நாளும் தப்பான ஆள் மேல் கறுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நங்கையின் தட்டில் பழைய சோற்றைப் போட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தின்றார். அவருக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் சமைத்து வைத்திருக்கிறேன், ஒருநாள்கூட அவருக்குப் பரிமாறியதில்லை. ஏன் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.